பித்தன் சூடிய பூ

சட்ட மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. மேசைமேல் இரண்டு கண்ணாடித் தட்டுகள். ஒன்றில் மிளகாய் விதை, மற்றதில் ஊமத்தை விதை. எது எது என்று சொல்ல வேண்டும். போகிற போக்கில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் அடங்கிய ஒரே தாவரக் குடும்பத்தில் பிறந்தவை இரண்டும். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் மிளகாய் விதை மெலிந்து, மஞ்சளாக, வட்டமாக இருக்கும். ஊமத்தை விதை சற்றுத் தடித்து, பழுப்பேறி, சிறுநீரக வடிவில், தோலெல்லாம் குழிகுழியாக இருக்கும். அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் பிளேடால் நெடுக்காகப் பிளந்து லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். மிளகாய் விதைக்குள் முளைக்கரு 6 என்ற எண்ணைப்போல உள்நோக்கிச் சுருண்டிருக்கும். ஊமத்தையில் அதன் நுனி வெளிப்புறம் திரும்பி நிற்கும்.

இந்தச் சின்ன வளைவு ஒரு காலத்தில் கொலை வழக்குகளைத் தீர்மானித்தது. 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் வழிப்பறிக் கும்பல்களின் விருப்பமான ஆயுதம் ஊமத்தை. சக பயணியாகப் பேச்சுக் கொடுத்து, சோற்றிலோ இனிப்பிலோ பொடியைக் கலந்து தந்துவிட்டு, மூட்டையோடு கம்பி நீட்டிவிடுவார்கள். வங்காளத்தில் பணியாற்றிய மருத்துவர் நார்மன் செவர்ஸ் 1856இல் வெளியிட்ட சட்ட மருத்துவ நூலில் இத்தகைய வழக்குகளுக்கு நிறையவே இடம் ஒதுக்கியிருக்கிறார். அதற்கும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பே, கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட நூலில் இதே தந்திரம் பதிவாகியிருக்கிறது. மயங்கியவர் சண்டை போடுவதில்லை. சிரித்துக்கொண்டே நகையை எடுத்துப்போக விட்டுவிடுகிறார். திருடனுக்கு அதைவிட வசதி, மறுநாள் அவருக்கு ஒன்றுமே நினைவில் இருக்காது.

கத்தியின்றி, கயிறின்றி ஒரு மனிதரை இப்படி ஆக்க ஒரு செடியால் எப்படி முடிகிறது? அதைப் பார்க்கும் முன் செடி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அதுவே ஒரு துப்பறியும் கதை.

ஊமத்தைப் பேரினத்தில் ஏறத்தாழ ஒரு டஜன் இனங்கள் உண்டு. காட்டில் தானாக வளரும் உறவினர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலும் அதையொட்டிய அமெரிக்கத் தென்மேற்கிலும் இருக்கிறார்கள். ஆகவே தாயகம் அமெரிக்கக் கண்டம் என்கிறார்கள் தாவரவியலாளர்கள். அப்படியானால் மிளகாயையும் தக்காளியையும் போல கொலம்பஸுக்குப் பிறகுதானே அது கப்பலேறி வந்திருக்க வேண்டும்? இங்கேதான் சிவபெருமான் குறுக்கே நிற்கிறார். 7ஆம் நூற்றாண்டுத் தேவாரத்தில் பிறையோடும் கங்கையோடும் அவர் சடையில் ஊமத்தம்பூ இருக்கிறது, ‘மத்தம்’ என்ற பெயரில். சோழர் கால நடராசர் செப்புத் திருமேனிகளின் சடையிலும் அதே பூவைப் பார்க்கலாம். கொலம்பஸ் புறப்பட்டது 1492இல். கணக்கு எண்ணூறு ஆண்டுக்கு மேல் இடிக்கிறது. 2007இல் ஆர். கீதா, வலீத் கரைபே என்ற இரு ஆய்வாளர்கள் வடமொழி, அரபு நூல்களையும் சிற்பங்களையும் செடியின் மரபியலையும் ஒருசேர அலசி, முதல் ஆயிரமாண்டிலேயே இந்தச் செடி எப்படியோ கடல் தாண்டி நம் பக்கம் வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். எந்த வழியாக, யார் கையோடு என்பதற்கு இன்றுவரை விடையில்லை. பித்தன் என்று பெயர் வாங்கிய கடவுளுக்கு இதைச் சூட்டிய அடியார்களுக்கு அதன் குணம் தெரியாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறந்த மண்ணிலும் அதற்கு மரியாதை குறைவில்லை. கலிபோர்னியாவில் சூமாஷ் பழங்குடியினரின் நிலப்பரப்பை ஒட்டிய ஒரு குகையில், கூரையின் விரிசல்களுக்குள் மென்று துப்பிய நார் உருண்டைகள் செருகிக் கிடந்தன. அவற்றை ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஊமத்தையின் வேதிப்பொருள்கள் அப்படியே இருந்தன. உருண்டைகளில் பழையவை சுமார் 400 ஆண்டுக்கு முந்தியவை. அதே கூரையில் செங்காவியால் தீட்டிய ஒரு சுழல் வடிவம் இருக்கிறது. அந்தியில் முறுக்கு அவிழ்ந்து விரியும் ஊமத்தை மொட்டை மேலிருந்து பார்த்தால் அச்சு அசல் அந்தச் சுழல்தான். ஓவியம் இருக்கும் அதே கூரையில் மென்ற சக்கை.

இனி செடிக்குள் போகலாம். ஊமத்தையின் வீரியமெல்லாம் மூன்று ஆல்கலாய்டுகளில் இருக்கிறது. ஆல்கலாய்டு என்றால் நைட்ரஜன் கலந்த, பெரும்பாலும் கசப்பான தாவர வேதிப்பொருள். காபியின் கஃபீன்கூட ஒன்றுதான். ஹயோசயமின், ஆட்ரோபின், ஸ்கோபோலமின் என்பவை இந்த மூன்றின் பெயர்கள். இலையைக் கடிக்க வரும் ஆட்டையும் புழுவையும் விரட்டத்தான் செடி இவற்றைச் சேர்த்து வைக்கிறது. ஆனால் தயாரிப்பது இலையில் அல்ல, வேரில். அங்கே தயாராகும் சரக்கு, தண்ணீர் ஏறும் குழாய்களிலேயே ஏறி இலை, பூ, விதை என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்கிறது.

இதைக் கண்டுபிடித்த சோதனை மிக எளிமையானது. ஊமத்தை வேர்ப்பகுதியின்மேல் தக்காளித் தண்டை ஒட்டுக்கட்டினார்கள். பார்வைக்குத் தக்காளிச் செடி, இலையும் தக்காளி இலை, ஆனால் உள்ளே ஊமத்தை விஷம். திருப்பிச் செய்து, தக்காளி வேரின்மேல் ஊமத்தைத் தண்டை ஒட்டினால் இலைகளில் விஷம் பெயருக்குத்தான் இருந்தது. முதல் வகைச் செடியில் காய்த்த பழங்களிலும் ஆல்கலாய்டு இருப்பதை 1940களில் அளந்து காட்டினார்கள். ஒட்டுக்கட்டிப் பார்க்க ஆசைப்படும் மாடித்தோட்டக்காரர்கள் இந்தச் சேர்க்கையை மட்டும் விட்டுவிடுவது நல்லது.

உடம்புக்குள் இந்த மூன்றும் செய்வது ஒரே ஒரு வேலை. அதைப் புரிந்துகொள்ள இரண்டு தவளைகளின் இதயம் வேண்டும். 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானிக்கு நடுராத்திரிக் கனவில் ஒரு சோதனை தோன்றியது. எழுந்து நேரே ஆய்வுக்கூடம் போனார். துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மந்தமானது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மந்தமானது. நரம்பு பேசுவது மின்சாரத்தால் மட்டுமல்ல, ஒரு ரசாயனத்தாலும்தான் என்பது அன்று நிரூபணமாயிற்று. அந்த ரசாயனம்தான் அசிட்டைல்கோலின். இந்த வேலைக்காக லோவிக்கு 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொன்றும் அவர் பார்த்தார்: இதயத்துக்கு முன்கூட்டியே ஆட்ரோபின் கொடுத்திருந்தால், செய்தி வந்தும் இதயம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

காரணம் இது. செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் எனப்படும் புரதங்கள் இருக்கின்றன. அசிட்டைல்கோலின் சாவி என்றால் ஏற்பி பூட்டு. ஆட்ரோபினும் ஸ்கோபோலமினும் அந்தப் பூட்டுக்குள் கச்சிதமாக நுழையும், ஆனால் திறக்காது. முறிந்த சாவி சிக்கிய பூட்டாக ஏற்பி அப்படியே நின்றுவிடும். உண்மையான சாவி வந்து வெளியே காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

இந்த ஒரு பூட்டு உடம்பில் எத்தனை கதவுகளில் தொங்குகிறது என்று பார்த்தால்தான் ஊமத்தையின் விஸ்வரூபம் தெரியும். கண்ணில் பாவையைச் சுருக்கும் தசைக்குச் செய்தி போவதில்லை. பாவை அகன்றே நிற்கிறது, வெளிச்சம் கூசுகிறது, பக்கத்திலுள்ள எழுத்து மங்குகிறது. உமிழ்நீர் வற்றி நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வியர்வை நின்றுபோவதால் உடம்பு சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் கொதிக்கிறது, தோல் சிவக்கிறது. இதயத்துக்கு வேகஸ் நரம்பு போடும் பிரேக் விடுபட்டு நாடி தறிகெட்டு ஓடுகிறது. குடல் அசைவதில்லை. மூத்திரப்பை நிரம்பியும் கழியாது. ஊமத்தைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கிய தோட்டக்காரருக்கு ஒரு கண்ணின் பாவை மட்டும் அகன்று நிற்பதுண்டு. விவரம் தெரியாத மருத்துவர் மூளையில் ரத்தக்கசிவோ என்று பதறி ஸ்கேன் எழுதிக் கொடுத்துவிடுவார்.

கை, கால் தசைகளும் அசிட்டைல்கோலின் சொல்லித்தான் அசைகின்றன. ஆனால் அங்கே இருப்பது வேறு ரகப் பூட்டு. அதில் ஆட்ரோபின் நுழையாது. அதனால் ஊமத்தை தின்றவர் சுருண்டு விழுந்து கிடப்பதில்லை. எழுந்து நடப்பார், ஓடுவார், கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போவார். புத்தி பேதலித்த நிலையில் கைகாலில் மட்டும் முழுத்தெம்பு. கிணற்றில் விழுவதும் வாகனத்தில் அடிபடுவதும் இதனால்தான்.

புத்தி ஏன் பேதலிக்கிறது? கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும், நடந்ததை நினைவாகப் பதியவும் மூளைக்கு அசிட்டைல்கோலின் தேவை. அல்சைமர் நோயில் முதலில் சாகும் நரம்பணுக்களில் அதைச் சுரப்பவையும் உண்டு. அந்த நோய்க்குத் தரும் டோனெபசில் மாத்திரை இருக்கிற அசிட்டைல்கோலினைக் கரையவிடாமல் காக்கிறது. ஸ்கோபோலமின் செய்வது நேர் எதிர். நல்ல ஆரோக்கியமான தன்னார்வலருக்குச் சிறு அளவு கொடுத்து, சில மணி நேரத்துக்கு மறதி நோயின் சாயலை உண்டாக்கித்தான் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

கொடைக்கானல் போதைக் காளான் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதிலுள்ள சைலோசிபின் செரட்டோனின் என்ற வேறொரு வேதித்தூதரின் ஏற்பிகளைத் தூண்டிவிடுகிறது. சுவர் அலையடிக்கும், நிறங்கள் பொங்கும். ஆனாலும் காளானால்தான் இப்படித் தெரிகிறது என்ற நினைப்பு பலருக்கு மிச்சமிருக்கும். ஊமத்தையில் அந்த நினைப்பே முதலில் போய்விடும். இல்லாத ஆளோடு உட்கார்ந்து சாவகாசமாகப் பேசுவார்கள். விரலிடுக்கில் இல்லாத சிகரெட்டை இழுத்துச் சாம்பலைத் தட்டுவார்கள். காற்றில் கண்ணுக்குத் தெரியாத நூலைப் பிடித்துப் பிடித்து இழுப்பார்கள். வார்டில் இந்த நூல் இழுக்கும் விரல்களை ஒருமுறை பார்த்த செவிலியர் பிறகு மறப்பதில்லை. மருத்துவர்கள் இதற்குத் தரும் பெயர் டெலிரியம், அதாவது சித்தப் பிரமை. இன்பப் போதை என்று இதைத் தேடிப் போனவர்களில் இரண்டாம் முறை போனவர்கள் அரிது.

1676இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஜேம்ஸ்டவுன் என்ற ஊரில் கலகத்தை அடக்க வந்த ஆங்கிலச் சிப்பாய்கள் பசிக்கு இந்தக் கீரையைப் பறித்து வேகவைத்துத் தின்றார்கள். ஒருவன் இறகை ஊதி ஊதிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவன் அதன்மேல் ஆவேசமாக வைக்கோலை எறிந்தான். ஒருவன் ஆடையின்றி மூலையில் உட்கார்ந்து பல்லை இளித்தான். தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்வார்களோ என்று அறையில் அடைத்துவைக்க வேண்டியதாயிற்று. 11 நாள் கழித்துத் தெளிந்தபோது எவனுக்கும் எதுவும் நினைவில்லை. ராபர்ட் பெவர்லி 1705இல் எழுதிய வர்ஜீனிய வரலாற்றில் இந்தக் கூத்து பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் ஊமத்தைக்கு இன்றும் அந்த ஊர்ப் பெயர்தான் திரிந்து ‘ஜிம்சன் களை’ என வழங்குகிறது.

பதினோரு நாளோடு போனது அவர்கள் அதிர்ஷ்டம். நம்மூர் மருத்துவமனைகளில் ஆட்ரோபின் 0.6 மில்லிகிராம் ஆம்பியூலாக இருக்கும். ஊமத்தையின் 100 விதைகளில் சுமார் 6 மில்லிகிராம் ஆட்ரோபின் இருக்கலாம் என்பது நச்சியல் கணக்கு. அதாவது ஒரு சின்ன உள்ளங்கையளவு விதையில் பத்து ஆம்பியூல். பெரியவர் ஒருவரின் உயிருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் ஆபத்து என்பார்கள். ஸ்கோபோலமின் என்றால் 4 மில்லிகிராமே போதும். குழந்தைகளுக்கு இதைவிட வெகு குறைவு. இந்தக் கணக்கையும் நம்ப முடியாது என்பதுதான் கொடுமை. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும், அதே செடியில் இலைக்கும் விதைக்கும், மழைக்காலத்துக்கும் வெயிலுக்கும் வீரியம் பல மடங்கு மாறும். அளவு பார்த்துச் சாப்பிடுவேன் என்பவருக்கு அளக்க எதுவுமே கிடையாது.

இதில் ஒரு சூது வேறு. விஷமே குடலை நிறுத்திவிடுவதால், தின்ற விதை வயிற்றிலேயே தங்கி மணிக்கணக்கில் விஷத்தைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னும் கொஞ்சம் வாயில் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். தெரிந்தே தின்றால்தான் என்றும் இல்லை. 2019இல் உகாண்டாவின் கரமோஜா பகுதியில், உலக உணவுத் திட்டம் ஊட்டச்சத்துக் குறைந்தவர்களுக்கு வழங்கிய சத்துமாவைத் தின்ற சுமார் 300 பேர் நோயில் விழுந்தார்கள், 5 பேர் இறந்தார்கள். வயலில் பயிரோடு களையாக வளர்ந்த ஊமத்தையின் ஆல்கலாய்டு மாவில் கலந்திருந்தது. ஊட்டி, கொடைக்கானல் பங்களாத் தோட்டங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய எக்காளப் பூக்களும் இதன் நெருங்கிய சொந்தம்தான். அங்கேயும் அதே விஷம். குழந்தை ஊமத்தங்காயைக் கடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கும் வைத்தியமெல்லாம் பார்க்காமல், கடித்த காயையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதே வழி.

இதற்கு மாற்று மருந்தும் இன்னொரு விஷ விதையிலிருந்துதான் வந்தது. நைஜீரியாவின் கலபார் பகுதியில், குற்றவாளியா இல்லையா என்று கண்டறிய ஒருவகைக் காட்டவரையை அரைத்துக் குடிக்கக் கொடுப்பது அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்தது. பிழைத்தால் நிரபராதி. அதிலுள்ள ஃபைசோஸ்டிக்மின், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். 1864இல் பிராக் நகரில், ஆட்ரோபினைக் குடித்துவிட்ட கைதிகளுக்கு கிளைன்வாக்டர் என்ற மருத்துவர் அந்த அவரையின் சாற்றைக் கொடுத்துத் தெளியவைத்தார். சாவிகள் குவியக் குவிய, பூட்டில் சிக்கியது மெல்ல இடம்விட்டு விலகுகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் நடக்கும் ஒரு போராட்டம் புரியும். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து குடித்தவர் உடம்பில் அந்த நொதி முடங்கி அசிட்டைல்கோலின் வெள்ளமாகப் பெருகுகிறது. பாவை கடுகளவாகச் சுருங்கும், எச்சில் வழியும், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அப்போது காப்பாற்றுவது ஆட்ரோபின். ஒன்று, இரண்டு ஆம்பியூல் பத்தாது. நுரையீரல் தெளியும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். இந்த முறை நிலைபெற்றதில் அனுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுகளுக்குப் பங்குண்டு. எப்போது குறைக்க வேண்டும்? உடம்பு சுட்டு, வயிற்றில் குடல் இரைச்சல் அடங்கி, நோயாளி காற்றில் நூல் இழுக்க ஆரம்பித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அதாவது அவருக்கு இப்போது ஊமத்தை ஏறிவிட்டது.

மருந்தாக அதன் பயணத்தில் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. சைதாப்பேட்டையில் தாவரத் தோட்டம் வைத்திருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அன்றைய மதராசின் தலைமை மருத்துவர். இழுப்பு நோய்க்கு ஊமத்தையைப் புகைக்கச் சொல்லும் நாட்டு வழக்கத்தை அவர் கவனித்தார். 1802இல் ஜெனரல் ஜென்ட் என்ற அதிகாரி வழியாக அந்தச் செய்தி எடின்பரோவுக்குப் போனது. அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஆஸ்துமா சிகரெட் விற்றார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட்கூட அவற்றைப் புகைத்தவர். மூச்சுக்குழல் தசையை இறுக்குவதும் அதே பூட்டுதான். அடைத்தால் குழல் தளர்கிறது. புகையின் வில்லங்கங்களைக் கழித்துவிட்டு, மூளைக்குள் எளிதில் நுழையாதபடி மூலக்கூறைத் திருத்தியபோது பிறந்தவைதான் இப்ராட்ரோபியம், டயோட்ரோபியம் எனப்படும் இன்றைய இன்ஹேலர் மருந்துகள். சித்த மருத்துவத்தில் ஆறாத புண்ணுக்கு மேற்பூச்சாகப் போடும் மத்தன் தைலத்திலும் ஊமத்தை இலைச்சாறு சேர்கிறது.

ஜப்பானில் ஹனாவோகா செய்ஷு என்ற அறுவை மருத்துவர் இன்னும் துணிந்தார். ஊமத்தையோடு வேறு சில மூலிகைகளைச் சேர்த்து, ஆளை அறுத்தாலும் தெரியாத மயக்கமருந்து ஒன்றை ஏறத்தாழ இருபது ஆண்டு முயன்று தயாரித்தார். 1804 அக்டோபரில் மார்பகப் புற்று கண்ட 60 வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுத்துக் கட்டியை அகற்றினார். பாஸ்டனில் ஈதர் மயக்கத்தைப் பொதுவில் செய்துகாட்டியது அதற்கு 42 ஆண்டு பிறகு. அந்த மருந்தைத் தன்மேல் சோதிக்கக் கொடுத்த அவருடைய மனைவி காயே பார்வையை இழந்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அறுவைக்கூடத்தின் புகழில் அவருக்கும் சரிபாதி எழுத வேண்டும் என்பேன்.

இன்று கப்பல் பயணத்தில் குமட்டாமல் இருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் வில்லையில் இருப்பது ஸ்கோபோலமின். 3 நாளில் அது உடம்புக்குள் விடுவது மொத்தம் 1 மில்லிகிராம். அதற்கான சரக்கில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வயல்களில் வளரும் டுபாய்சியா என்ற மரத்தின் இலையிலிருந்து வருகிறது. அதுவும் கத்தரிக் குடும்பம்தான். ஒரு வறட்சியோ காட்டுத்தீயோ வந்தால் உலகச் சந்தையே ஆடும் என்ற கவலையில், ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டினா ஸ்மோல்கேயும் பிரசாந்த் ஸ்ரீனிவாசனும் ரொட்டி பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். செடிகளிலிருந்தும் பாக்டீரியாவிலிருந்தும் விலங்குகளிலிருந்தும்கூட மரபணுக்களை எடுத்து, இருபதுக்கும் மேற்பட்ட புரதங்களை ஒற்றைச் செல்லுக்குள் வரிசையாக வேலை செய்ய வைக்க வேண்டியிருந்தது. கிடைத்தது லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம். ஒரே ஒரு ஆம்பியூலுக்கு வேண்டிய 0.6 மில்லிகிராமைச் சேர்க்கவே பல லிட்டர் ஈஸ்ட்டுக் கரைசல் வேண்டும். வேலியோரத்து ஊமத்தை அந்த அளவைப் பத்து விதைக்குள் முடித்துவிடுகிறது.